ரஹ்மத் அக்கா கொட்டாத குழாய்

4.11, திங்கள்

காலையிலிருந்து தூறல். துடியலூரில் பஸ் ஏறுவதற்குள் துப்பட்டா முழுக்க ஈரம். வாங்க: தேங்காய் எண்ணெய், குடை (மறுபடியும்).

என் கைடு மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கெழமைக்குள்ள பீக் வரலீன்னா தலைப்ப மாத்திக்கலாம்மா." இரண்டு வருட ஆராய்ச்சி!

டி.என்.ஏ. என்றால் எல்லோருக்கும் இரட்டைச் சுருள். எனக்கு நாலு இழை சேர்ந்தது வேண்டும். இழைக்கு ஒரு குவானின் மூலக்கூறாக நாலு பேர் ஹைட்ரஜன் பிணைப்பால் சதுரமாக நிற்க வேண்டும். சதுரத்தின் மேல் சதுரம், நடுவில் பொட்டாசியம். கூடிவிட்டால் கருவி வரையும் கோட்டில் 264 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு எழும்பும், அதுதான் பீக்.

டி.என்.ஏ. கரைசல் இருந்த குழாயைச் சூடாக்கி, ஆறவைத்து, மதியமே கருவியில் வைத்தேன். கோடு படுத்தே கிடந்தது. குழாயைக் கழுவும் தட்டில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பப்ஸ் வாங்கியும் இறங்கவில்லை.

5.11, செவ்வாய்

புதுக் குழாய். அதே கதை.

6.11, புதன்

வெயில். இன்னொரு குழாய், இன்னொரு படுத்த கோடு. ரஹ்மத் அக்கா டீ கொண்டுவந்தார். கோட்டைமேட்டுக்காரர், லேபில் கழுவுவது, அடுக்குவது எல்லாம் அவர்தான். நோட்டில் நான் வரைந்திருந்த நாலு இழைப் படத்தைப் பார்த்தார்.

"நாலு பேரும் கையப் புடிச்சு நிக்கோணும், அவ்வளவுதானுங்களா அம்மணி?"

"அவ்வளவுதாங்க்கா."

"எங்கூட்ல ரெண்டு பேரே நிக்க மாட்டீங்கறாங்க."

மூன்று நாளில் முதல் சிரிப்பு.

8.11, வெள்ளி

மேடத்திடம் தோற்றுவிட்டேன் என்று சொல்லக் கிளம்பினேன். வாசலில் அக்கா, கையில் சில்லென்று ஒரு குழாய். திங்கட்கிழமை தேதி, என் கையெழுத்து.

"ஏங்கண்ணு, இதக் கொட்டிப்போடட்டுமா?"

"இன்னும் கொட்டலீங்களா?"

"பேரு போட்டத கேக்காம எப்படிக் கொட்டறது? நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இருந்தே. கேக்கச் சங்கடமா இருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல வெச்சுப்போட்டேன்."

நாலு நாள் குளிரில்! கருவி அப்போது காலி. வைத்தேன். 264இல் மேடு, நெட்டுக்குத்தாக. மறுபடி வைத்தேன். மறுபடியும் மேடு.

நாலு இழையும் ஒன்றையொன்று தேடிச் சேர நேரம் வேண்டும். நான் அன்றைக்கே அவசரப்பட்டுப் பார்த்திருக்கிறேன். முட்டாள். சந்தோஷமான முட்டாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். "தலைப்பு அப்படியே இருக்கட்டும்மா."

லேபில் எல்லோருக்கும் ஜிலேபி. அக்காவுக்கு இரண்டு. செய்முறை எழுத உட்கார்ந்தேன். 'குளிரில் நான்கு நாள்' வரை எழுதிவிட்டேன். ஏன் நான்கு நாள் என்று காரணம் எழுத வேண்டுமே. அக்காவையே கேட்டேன்.

"கேக்கச் சங்கடமா இருந்துச்சுன்னு எழுது கண்ணு."

எழுதிவிட்டேன். பென்சிலில்.