நான் போட்டுக் காட்டிய குரல்

செவ்வாய்க்கிழமை, தலவாக்கலை. மழை விடவில்லை, தூக்கமும் வரவில்லை.

பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. ஊசி போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காதாம். சுத்தப் பொய். அந்தப் பொய் தேயிலைத் தோட்டங்களில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதுதான் என் பல்கலைக்கழக ஆய்வு.

இன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் லயத்து வீடுகளிலுள்ள தாய்மாரை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டினேன். ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்களா என்றேன். ஒருவரும் கேட்டதில்லை. இங்கே பரவவில்லை என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். பொய் என்று விளக்கத் தொடங்கும்போது கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்ப நேரமாகி, பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஹட்டனிலிருந்து தங்கை சுமதி போன் எடுத்தாள்.

"அக்கா, எங்க ரோஷினிக்கு நாளைக்கு ஸ்கூல்ல ஊசி. நாங்க வேணாம்னு சொல்லிட்டோம். புள்ள பொறக்காதாம்."

"யாரோ அனுப்புறத நம்புவியாடி?"

"யாரோ இல்லக்கா. கெம்பஸ் மிஸ் ஒருத்தங்களே தோட்டத்துக்கு வந்து போட்டுக் காட்டுனாங்களாம். படிச்சவங்க சும்மா போடுவாங்களா?"

சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சுமதி, அந்த மிஸ் நான்தான்."

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்போ அது உண்மதானாக்கா?"