ஞாயிற்றுக்கிழமை கிடைத்த மன்னிப்பு

ஹாபாய்,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஹிங்கானோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது, பழகிய கை. ஆனால் இங்கே ஒருவரும் சுகமில்லை மகளே. உன் இருமல் நின்றதா, அந்த முதியோர் இல்லத்தில் இரவு வேலையை மாற்றிக் கொடுத்தார்களா, அதையாவது நல்லதாக எழுது. போனில் பேசலாம்தான். பேசினால் நான் அழுவேன், அழாமல் சொல்லு என்று நீ அதட்டுவாய், அதற்கும் அழுவேன், கார்டு தீர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நம் ஊர் நர்ஸ் மெலெசேனி வெள்ளிக்கிழமை ஆக்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதமும் ஒரு பாய்ச்சுருளும் வரும். பாய் எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே பிரித்துப் பார்த்து முகம் சுளிக்காதே.

உன் தம்பி லோபேட்டி மறுபடி போலீஸ் கொட்டடியில்தான் இருக்கிறான். நம் முதல் ராஜா ஒரு பிடி மண்ணை அள்ளி வானத்தை நோக்கித் தூக்கி இந்த டோங்காவைக் கடவுள் கையில் ஒப்படைத்த நாளை நினைத்து சபையில் விருந்து வைத்தோம் அல்லவா, அன்றைக்கு நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. உன் அப்பா மேடையில் நின்று வழக்கம்போல, உலகத்தில் எத்தனையோ தேசங்களை வாள் உண்டாக்கியது, நம் தேசத்தை ஜெபம் உண்டாக்கியது என்று முழங்கிக்கொண்டிருந்தார். சபைக் கூடத்துக்குப் பின்னால் பையன்கள் பீர் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அமனாக்கி மாமா மகன் மாத்தேனி, நம் வீட்டுப் பந்தியில் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவன், லோபேட்டியைப் பார்த்து, "உங்கப்பா மண்ணத் தூக்குறாரு, நீ பாட்டிலத் தூக்குற, குடும்பமே தூக்குற குடும்பம்டா" என்றானாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவன் தூக்கிய பாட்டிலால் அடித்துவிட்டான். மாத்தேனியின் இடது கண் போய்விட்டது. இனி வராது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நீயும் ஒரு தடவை போனில், ராஜா மேலே தூக்கின மண் திரும்பக் கீழே விழுந்ததா இல்லையா என்று கேலி செய்தாய், நான் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டேன். இப்போது அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வாரம் தலைநகரத்திலிருந்து நீதிபதி வருகிறார். பாதிக்கப்பட்ட குடும்பம் எழுந்து நின்று நாங்கள் மன்னித்துவிட்டோம், பையனை ஜெயிலுக்கு அனுப்பாதீர்கள் என்று சொன்னால் அவர் மனம் இளகக்கூடும் என்றார் வக்கீல். சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளேதான். அதனால் ஜாமீன் வாங்கி லோபேட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம், மன்னிப்புக் கேட்கப் போவதென்று முடிவு செய்தோம். சனிக்கிழமையே போகலாம் என்றேன் நான். பக்தியில் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை பன்றி அறுத்துக் கொண்டுபோக முடியாதே என்றுதான் சொன்னேன். உன் அப்பா கேட்கவில்லை. கர்த்தருடைய நாளில் கேட்டால் கிறிஸ்தவன் எவனும் இல்லை என்று சொல்லமாட்டான், போதகர் முன்னால் நடந்தால் வானத்திலேயே எழுதின மாதிரி என்றார். போதகரும் தலையை ஆட்டினார். நம் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட உசந்த நாள் ஏது?

ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து செருப்பில்லாமல் நடந்தோம். இடுப்பில் கிழிந்த பாய், கழுத்தில் இஃபி இலை மாலை, மன்னிப்புக் கேட்கிறவர்களின் கோலம். நீ பிறந்த பிறகு நம் வீட்டில் யாரும் அந்த இலையைக் கழுத்தில் போட்டதில்லை, கடவுள் காப்பாற்றியிருந்தார். ஊரே வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தது. அவர்கள் வீட்டு முற்றத்தில் வெயிலில் தலையைக் குனிந்து உட்கார்ந்தோம். அப்பாவின் தலை அவ்வளவு தாழ்ந்ததை அன்றுதான் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. அமனாக்கி மாமா வந்து லோபேட்டி கழுத்திலிருந்த இலையைத் தன் கையால் எடுத்தார். "எந்திரி, முடிஞ்சுபோச்சு" என்றார். அவர் மனைவி செய்னி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாத்தேனி கட்டுப்போட்ட கண்ணோடு ஜன்னலில் கடைசிவரை நின்றான். அதோடு விட்டிருக்கலாம். உன் அப்பாவுக்குச் சும்மா வாங்கிக்கொள்ளத் தெரியாதே. மாத்தேனி மண்வெட்டி பிடிக்கிற வரைக்கும் உங்கள் கிழங்குத் தோட்டத்தை என் மகன் பார்ப்பான் என்றார். அப்படியானால் நான் கோர்ட்டில் எழுந்து நின்று பேசுகிறேன் என்றார் அமனாக்கி மாமா. போதகர் சாட்சி, ஜெபம், ஆமென், மண் அடுப்பில் வெந்த சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பால் கீரையும் ஒரே இலையில் சாப்பிட்டோம். அன்று மத்தியானம் எனக்கு வந்த தூக்கம் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த வாரமே ஆக்லாந்திலிருந்து போன் வந்தது, அமனாக்கி மாமாவுடைய அக்கா லாவினியாவிடமிருந்து. மாத்தேனிக்கு அத்தை. நம் ஊரில் அத்தை சொல் என்ன சொல் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவள் உட்கார்ந்த பாயில்கூடத் தம்பி கால் வைக்கமாட்டான். அவள் சொன்னாளாம், "ஞாயித்துக்கிழமை பேசின பேச்சு செல்லாது. நம்ம அரசியல் சட்டத்திலயே இருக்கு. ஃபினௌகிட்டயே கேட்டுப் பாரு, அவர்தானே எனக்குச் சொல்லிக் குடுத்தவர்." உன் அப்பாவைப் பேர் சொல்லியே இழுத்திருக்கிறாள், ஆனால் உண்மைதான். அவள் அம்மாவின் கல்லறைக் கல் கப்பலில் வந்து துறையில் கிடந்தபோது, திங்கள் காலை விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு லாரிக்காரனைப் பேசி வைத்தாள். உன் அப்பா சபை மூப்பர் அல்லவா, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, ஓய்வுநாள் டோங்காவில் என்றைக்கும் பரிசுத்தமானது, அன்று செய்த ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று அந்த வரியை மனப்பாடமாக ஒப்பித்தார். லாரிக்காரன் பயந்து ஓடிவிட்டான். அவள் தாயின் கல்லை நட்டுப் பார்க்காமலே விமானம் ஏறினாள். அதே வரியைத்தான் இப்போது திருப்பிக் கொடுத்திருக்கிறாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தவளை கத்தியதற்குக் குஞ்சு மாட்டிக்கொண்டது.

வக்கீலிடம் ஓடினோம். அவர் தலையைச் சொறிந்தார். மன்னிப்பு மட்டும் கேட்டு மன்னிப்பு மட்டும் கொடுத்திருந்தால் அது கொடை, அதைக் கிழமை தொடாது, நீங்கள் வேலை தருகிறோம் என்றீர்கள், அவர்கள் சாட்சி சொல்கிறோம் என்றார்கள், அப்புறம் அது கொடுக்கல் வாங்கல், எதிர்த்தரப்பு கிழமையைத்தான் பிடித்துக்கொள்ளும் என்றார். அன்று ராத்திரி போதகர் வீட்டுக்கு வந்தபோது, திங்கட்கிழமை நடந்ததாக அவர் ஒரு வார்த்தை சொல்வாரா என்று நான்தான் கேட்டேன். ஆமாம் ஹிங்கானோ, நான் கேட்டேன். போதகர் தரையைப் பார்த்தார். உன் அப்பா என்னைப் பார்த்தார். "கடவுள்மேல கட்டின நாட்டுல, கடவுளோட நாளப் பத்திப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். கையில் அகப்பை இருந்தது, எறிந்திருப்பேன். சட்டம் சரி, போதகர் சரி, லாவினியா சரி, இவரும் சரி, என் பிள்ளை மட்டும் உள்ளே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். ஆண்டவர் அந்த முற்றத்தில் இருந்தார், நான் பார்த்தேன், அமனாக்கி மாமாவின் கையில் இருந்தார். அவர் பேரால் எழுதிய சட்டமே அவர் செய்ததைச் செல்லாது என்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அடுத்து வந்த திங்கட்கிழமை மறுபடி இலை பறித்துக் கட்டிக்கொண்டு நானும் அப்பாவும் போனோம். மழை கொட்டியது. கதவு திறக்கவில்லை, உள்ளே செய்னி அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் அமனாக்கி மாமா நம் பலாமரத்தடியில் வந்து நின்றார், வீட்டுக்குள் வரவில்லை. "என் மனசுல அது முடிஞ்ச விஷயம்தான். ஆனா அக்கா பேச்ச நான் எப்படித் தாண்டுவேன்? அவ சரின்னா நாளைக்கே வந்து நிப்பேன்" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை, அவருக்கும் கண் போன பிள்ளை. நீதிபதி வருகிற தேதியைக் குறித்ததும் ஜாமீனும் முடிந்தது, லோபேட்டி திரும்ப உள்ளே போய்விட்டான். சாப்பாடு கொண்டுபோகிறேன். வெளியே வருவேனா என்று அவன் கேட்பதில்லை. "மாத்தேனி பாட வர்றானாம்மா?" என்றுதான் கேட்கிறான். பாடகர் குழுவில் இரண்டு பேர் இடமும் காலியாகத்தான் இருக்கிறது. நான் பாதிப் பாட்டில் வெளியே வந்துவிடுகிறேன்.

உன் அப்பா பேசுவதை விட்டுவிட்டார். "தேவனும் டோங்காவும் என் சுதந்தரம்" என்று கூடத்தில் மாட்டியிருந்தோமே அந்த ராஜமுத்திரைப் படம், அதன் கீழேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் அவர் முறை. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கலியாணம் ஆன நாளிலிருந்து இது நடந்ததே இல்லை. லோபேட்டிக்குத் தண்டனை ஆனால் எனக்கு இரண்டு பேரும் போவார்கள் என்று தோன்றுகிறது, ஒருவர் ஜெயிலுக்கு, ஒருவர் அந்த நாற்காலியிலேயே.

அதனால் உன்னைத்தான் கேட்கிறேன். லாவினியா வீடு உனக்குத் தெரியும். கோயில் பக்கம் வராத கழுதைக்கு என் வீட்டுப் படியில் என்ன வேலை என்று அவள் உன்னை வாசலில் வைத்துக் கேட்டதும் எனக்குத் தெரியும், நீ அழுதுகொண்டு போன் செய்தாய். அங்கேதான் போகச் சொல்கிறேன். சுருளில் இருப்பது நாங்கள் அன்று கட்டிக்கொண்ட பாய். கிழிசலைத் தைத்துவிடாதே, கிழிந்திருப்பதுதான் அதன் மரியாதை. இஃபி இலையை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களாம், அங்கே தெருவோரத்தில் இருக்கிற ஏதாவது பச்சை இலையைக் கோத்துக்கொள், கர்த்தருக்கு இலை வித்தியாசம் தெரியாது, லாவினியாவுக்குத் தெரியும், ஆனால் உன் கழுத்தைப் பார்த்தால் அவளுக்குப் புரியும். படியில் ஏறாதே, புல்லில் உட்கார். கம்பளி உள்ளே போட்டுக்கொள், இருமல் திரும்பிவிடும். அவள் பேசும் வரை நீ பேசாதே. அப்பா செய்ததற்கும் சேர்த்துக் கேள், அந்தக் கல்லறைக் கல்லுக்காகவும் கேள். நீ ஜெபத்தை நம்புகிறாயோ இல்லையோ, அதை நான் இப்போது கேட்கவில்லை, உனக்குத் தம்பி இருக்கிறான் என்பதை நம்பினால் போதும். இன்னொன்று, நன்றாகக் கேட்டுக்கொள். வாய் தவறியும் இதைத் தருகிறோம் அதைச் செய்கிறோம் என்று சொல்லிவிடாதே. வெறுங்கையோடு போ, வெறுங்கையோடு கேள். அவள் கொடுத்தால் அது கொடையாகவே வரட்டும்.

செம்பன்றி ஐந்து குட்டி போட்டது, ஒன்று செத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டது. வேறு செய்தி இல்லை. நம் எல்லாரையும் தாங்குகிற ஆண்டவர் உன் காலடியில் முள்ளில்லாமல் பார்த்துக்கொள்ளட்டும், அவள் மனதை உனக்கு முன்னால் அவர் போய்த் தட்டட்டும். உன்னை எத்தனையோ வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாதே, ஞாயிற்றுக்கிழமை தவறாதே என்று கெஞ்சியவள் நான். இப்போது அதே வாயால் கெஞ்சுகிறேன், திங்கள் போ, செவ்வாய் போ, வேலைக்கு லீவு போட்டாவது போ, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விடாதே மகளே.

உன் அம்மா,
கலோலைனே