அப்பா தேடிப்போன மார்த்தா

கர்க்லாண்ட், மொன்றியல்
பங்குனி 3

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

கர்த்தர் துணையால் நானும் அப்பாவும் சுகம், எடின்பரோக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். தம்பி டிலக்ஷனுக்குத் துறைமுகத்தில் பகல் வேலை கிடைத்துவிட்டது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது, ஆறுதலாக இருந்து வாசி.

நீ எழுதிய சபை வரலாறு புத்தகமாக வந்த நாளிலிருந்து மூன்று வருடமாக அப்பா உன்னோடு கதைக்காதது எனக்கு எவ்வளவு வேதனை என்று உனக்குத் தெரியும். நாங்கள் மோர்மன் சபையில் சேர்ந்த காலம் முதல் ஞாயிறு வகுப்பில் அப்பா புகழ்ந்து சொல்லிக்கொடுத்த அந்தக் காலத்துச் சபை ஊழியர் எட்வின் தோர்ன், முதல் மனைவி மார்த்தாவை இங்கிலாந்தில் கைவிட்டுத்தான் கனடா வந்தார் என்று எழுதிவிட்டாய். அது பொய், மகள் என்னைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டாள் என்பதுதான் அவர் கோபம். சும்மா இருந்தாரா, உன்னைப் பிழை என்று காட்டுவதற்காகவே புதன்கிழமை தோறும் சபையின் வம்ச வரலாற்று நிலையத்துக்குப் போய்ப் பழைய பதிவுகளைக் கிளறினார். செத்த முன்னோருக்காக ஞானஸ்நானம் எடுக்க அவர்களின் பெயர் தேடுவதில் இருபது வருடம் பழகிய மனிதர், விடுவாரா. போன மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமலே இருந்தார். இங்கிலாந்தில் ஏதோவொரு ஏழைகள் விடுதியின் பதிவு, மார்த்தா தோர்ன், கணவர் கனடாவில், கூடவே ஹன்னா என்று ஒரு பெண்குழந்தை. அந்தக் குழந்தையைப் பற்றி உனக்கே தெரியாது.

நேற்று முன்தினம் மாதத்தின் முதல் ஞாயிறு, எல்லாரும் உபவாசமிருந்து விரும்பியவர் எழுந்து சாட்சி சொல்கிற நாள். அப்பா எழுந்து முன்னுக்குப் போனார். தமிழில்தான் சொன்னார், டிலக்ஷன் பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொன்னான். என்ர மகள் எழுதினது உண்மை, நான்தான் மூண்டு வருசமாப் பிழையா நிண்டனான், இனி வகுப்பில மார்த்தாவின்ர கதையையும் சேர்த்துத்தான் சொல்லுவன் என்றார். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து அவருக்குக் கை கொடுத்தார்கள், உன் புத்தகம் எங்கே வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். நீ வென்றுவிட்டாய் பிள்ளை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நூலகத்துக்குள்ளேயே கிடக்காதே. பரலோகப் பிதா உன் கையையும் எழுத்தையும் ஆசீர்வதிப்பாராக. வருகிற ஞாயிறு அப்பா கூப்பிடுவார், மறக்காமல் போனை எடு. மன்னிப்புக் கேட்பார் என்று காத்திராதே. உன்ர புத்தகத்தில இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில ஒரு பிள்ளையின்ர பேர் விடுபட்டிருக்கு என்றுதான் தொடங்குவார். இரண்டு நாளாக வீட்டுக்குள் நடந்து நடந்து அந்த ஒரு வசனத்தைத்தான் சொல்லிப் பார்க்கிறார்.

என்றும் உன் அன்பு அம்மா,
அக்னெஸ்