சம்பந்தி வீட்டில் ஏறிய ஏழு கிலோ

நீ கடையிலிருந்து வருவதற்குள் டாக்ஸி வந்துவிட்டது. இதய டாக்டரிடம் போகிறேன். பாலைக் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன்.

"சம்பந்தி வீட்டுச் சாப்பாடு நல்லாத்தான் ஒட்டியிருக்கு, சட்டைப் பொத்தான் அழுவுது பாருங்க" என்று நேற்று நீ சிரித்தபோது எரிந்து விழுந்தேன். அது சாப்பாடு இல்லை. விடுமுறைக்குப் போன பத்து நாளில் ஏழு கிலோ. காலையில் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது.

அங்கே கழிவறைக்கு அவர்கள் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லார் முன்னாலும் அடிக்கடி எழுந்து போக மானம் இடம் கொடுக்கவில்லை. இதயத்துக்காகத் தினமும் போடும் நீர் பிரியும் மாத்திரையை அங்கே நிறுத்திவிட்டேன். அந்த நீர்தான் உடம்பில் தங்கிவிட்டது.

சம்பந்திக்குத் தெரிய வேண்டாம். மகளிடமும் சொல்லாதே.

பி.கு. செருப்பு காலில் நுழையவில்லை. வெறுங்காலோடுதான் போகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மகளிடம் சொல்லிவிடு. நீ சீக்கிரம் வா.