பன்னிரண்டு மாடிக்கு ஒரு கையெழுத்து

ஜனவரி 14

என் லிஃப்ட்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன், சுகமாக இருக்கிறேன். இரண்டையும் முதலிலேயே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசி வரிக்கு ஓடுவீர்கள். விமானத்தில் பக்கத்து சீட்டு அம்மாள் இறங்கும்வரை என் கையை விடவில்லை. பயம் அவருக்கா எனக்கா என்று இன்னும் தெரியவில்லை.

ஹோட்டலின் அடித்தளத்தில் தையல் அறை. நாலு மெஷின், மலை மாதிரி படுக்கை விரிப்புகள். கிழிந்ததைத் தைக்க வேண்டும், தைக்கத் தேறாததைத் துடைக்கிற துணியாக வெட்ட வேண்டும். மேற்பார்வைக்காரி என் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த விரிப்பை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அதுதான் அவளுடைய பாராட்டாம், பக்கத்து மெஷின்காரி சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வருஷ ஒப்பந்தம்தானே. அதற்குள் உங்கள் வேலை திரும்பிவிடும். தேய்ந்துபோன லிஃப்ட் பிரேக்கை நன்றாக இருக்கிறது என்று எழுதித் தரமாட்டேன் என்றதற்காக ஒரு மனுஷனை எத்தனை நாள் வீட்டில் உட்கார வைப்பார்கள்? அடுக்குமாடி மேனேஜரும் ஞாயிற்றுக்கிழமை சபையில் நமக்கு முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர்தானே. மனசு இளகும்.

பேசி வைத்ததை மறக்காதீர்கள். தினமும் என் காலை ஆறு மணிக்கு நான் ஜெபிப்பேன், நீங்களும் அதே நேரத்தில். ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், கணக்கு உங்கள் பொறுப்பு. பாப்பாவுக்குச் சடையை ரொம்ப இறுக்கிப் பின்னாதீர்கள்.

உங்கள்
ஊசிக்காரி

மார்ச் 20

என் ஊசிக்காரிக்கு,

சிரிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மேலே படி.

இரண்டு மாதமாக விடிகாலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் வந்திருக்கோம்" என்று ஆரம்பிப்பேன். நேற்று பள்ளிக்கூடத்தில் பாப்பாவுக்குக் கடிகாரக் கணக்கு நடத்தினார்களாம். வந்ததும் வராததுமாக, "அப்பா, அம்மாவுக்கு ஆறுன்னா நமக்கு ஏழரைப்பா, நாலரை இல்ல" என்றாள். கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறேன்! உன்னையும் சேர்த்து நான் கர்த்தர் முன்னால் நிறுத்திய நேரத்தில் நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். நீ முழங்கால் போட்ட நேரத்தில் நான் ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு சடை பின்னிக்கொண்டிருந்தேன். ஏழு வயசுப் பிள்ளை மானத்தை வாங்கிவிட்டது.

இப்போது பெரிய செய்தி. மேனேஜர் வீட்டுக்கே வந்தார்! அந்த லிஃப்டை இன்னும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். பொறுப்பு மெக்கானிக்காகப் பதிந்திருப்பது என் பெயர் என்பதால், நான் கையெழுத்துப் போட்டால்தான் ஓடும். பன்னிரண்டு மாடிக்காரர்களும் படியேறி அவரைத் திட்டுகிறார்கள். "ஒரே சபையில உக்கார்றோம், நமக்குள்ள இது நல்லாவா இருக்கு? ஏப்ரல் கடைசிக்குள்ள அந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. மறுநாளே வேலை. வீட்டம்மாவையும் திரும்பி வரச் சொல்லிடலாமே" என்றார்.

பிரேக்கை மாற்றினீர்களா என்று கேட்டேன். காபி நன்றாக இருக்கிறது என்றார். மற்றதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன், அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆடிப்போனேன். நீ என்ன சொல்கிறாய்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன்
லிஃப்ட்காரன்

ஏப்ரல் 2

என்னவருக்கு,

கடிகாரக் கணக்கைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? முதல் பத்து நாள்தான் நான் முழங்கால் போட்டேன். அப்புறம் இடுப்பு வலி, தூக்கம், குளிர். நீங்கள் எனக்கும் சேர்த்து ஜெபித்துக்கொண்டிருப்பீர்கள் என்று போர்வையை இழுத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அங்கேயும் யாரும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

என்னால் முடியவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. பாப்பாவின் குரல் மறந்துபோகிற மாதிரி இருக்கிறது. நாம் யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறோம்? அந்தப் பன்னிரண்டு மாடியில் ஒருவராவது உங்களிடம் ஒரு நல்ல வார்த்தை பேசினார்களா?

போட்டுவிடுங்கள். கர்த்தர் மன்னிப்பார். நான் வீட்டுக்கு வர வேண்டும்.

ஊசிக்காரி

மே 1

என் ஊசிக்காரிக்கு,

நேற்று பேனாவோடுதான் போனேன். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஏழரை மணிக்கு நானும் பாப்பாவும் ஜெபித்தபோதுகூட, போடுகிற தைரியத்தைக் கொடும் என்றுதான் கேட்டேன். உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மேனேஜர் லிஃப்ட் வாசலிலேயே மேஜை போட்டிருந்தார். தாளை நீட்டினார். பேனா மூடியைக் கழற்றினேன். கழற்றிய கை அப்படியே நின்றது. என் வாய் தானாகப் பேசியது. "சார், போட்டுடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, நீங்களும் நானும் மேல வரைக்கும் போயிட்டு வந்துடுவோம்."

அவர் சிரித்தார். நான் கதவைத் திறந்து உள்ளே நின்றேன். அவர் ஷூ வாசல்படியைத் தாண்டவே இல்லை! கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு மீட்டிங் இருக்கு" என்றார்.

"நீங்க ஏற மாட்டீங்க. எட்டாவது மாடில ஒரு பொண்ணு நிறைமாசமா இருக்கு. அது மட்டும் எப்படி சார் ஏறும்?"

"இனிமே உங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார். பேனாவை மூடினேன். வீடுவரை ஓடினேன்! சின்னப் பையன் மாதிரி, இந்த வயதில், மூச்சு வாங்க. பாப்பா கதவைத் திறந்து, "யாருப்பா துரத்துறாங்க?" என்றாள்.

முதல் தடவையாக உன் பேச்சைத் தட்டிவிட்டேன். உன்னை வீட்டுக்கு வரவிடாமல் பண்ணிவிட்டேன். திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
லிஃப்ட்காரன்

மே 12

என் லிஃப்ட்காரருக்கு,

ஏறமாட்டேன் என்றாரா! தையல் அறையில் எல்லோருக்கும் நடித்தே காட்டிவிட்டேன். பக்கத்து மெஷின்காரிதான் மேனேஜர். மேற்பார்வைக்காரிகூடச் சிரித்தாள், அதை யாரும் நம்பவில்லை.

போட்டுவிடுங்கள் என்று எழுதிய அந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்ட மறு நிமிஷமே கையை உள்ளே விட்டேன். வளையல் மாட்டிக்கொண்டது. ஹோட்டல் காவல்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கையை வெளியே எடுத்தார். கடிதம் உள்ளேயே போய்விட்டது. மாற்றி எழுத உட்கார்ந்தால் வீட்டு ஆசை எழுத விடவில்லை. அன்றிலிருந்து நேற்றுவரை ஒரே பயம். நான் சொன்னதை ஒருநாளும் தட்டாத மனுஷன், இதையும் கேட்டுத் தொலைக்கப்போகிறாரே என்று. அந்தப் பயத்தில்தான் மறுபடியும் முழங்கால் போட்டேன். அவர் என் பேச்சைக் கேட்கக்கூடாது ஆண்டவரே என்று ஒரு மனைவி ஜெபிப்பதை ஆண்டவர் இதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்.

இன்று மத்தியானம் மேற்பார்வைக்காரியிடம் போய் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள். இது பொய்க் கையெழுத்து இல்லை. வேலை கிடைக்கும்வரை நீங்கள் தலைகுனிய வேண்டாம். சபையில் மூன்றாவது வரிசையில் உங்கள் இடத்திலேயே உட்காருங்கள்.

பாப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது பக்கத்தில் உட்காருங்கள், நின்றுகொண்டு சொல்லாதீர்கள். அப்புறம் அவளை அளந்து எழுதுங்கள்: தோள், இடுப்பு, உயரம். நான் வரும்போது போட்டுக்கொள்ள ஒரு கவுன் தைக்க ஆரம்பித்திருந்தேன், அதைப் பிரித்துவிட்டேன். ஒரு வருஷ வளர்த்திக்கு எவ்வளவு துணி விட வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்குத் தெரியவில்லை.

உங்கள்
ஊசிக்காரி