மெட்ராஸ் லைனில் இருந்தவளுக்கு

இன்று காலை என் மகள் தன் இயர்ஃபோன் ஒன்றை என் காதில் செருகினாள். "அம்மா, ஜல்தி கேளு, என் ஃப்ரெண்ட் பேசறா." திருச்சிப் பெண்ணாம். நேரில் பார்த்ததே இல்லையாம், எல்லாம் செல்போன் பழக்கம்தானாம். நான் அதை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டேன். நான் ஆபரேட்டராக இருந்து வெளியூர் அழைப்புகளை இணைத்த டிரங்க் போர்டில் வலது கை அழைப்பு டிக்கெட் எழுதும். இடது காதில்தானே நீ இருந்தாய்.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி, மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. வேலைக்கு வேண்டிய பத்து வாக்கியம் தவிர எனக்கு இந்தி தெரியாது. டெல்லியிலிருந்து யாராவது மெட்ராஸுக்குக் கால் புக் செய்வார்கள். அங்கே மளிகைக் கடையில்தான் போன் இருக்கும். கடைக்காரர் நாலு வீடு தள்ளிப் போய் ஆளைக் கூட்டிவரும்வரை லைன் சும்மா கிடக்கும். டெல்லி போர்டில் நான், மெட்ராஸ் போர்டில் நீ; அந்த இடைவெளிதான் நம்முடையது. நீ என்னை "டெல்லி" என்றாய், நான் உன்னை "மெட்ராஸ்" என்றேன். பெயர் கேட்கத் தோன்றவே இல்லை. ஆனால் உன் அம்மா வெள்ளிக்கிழமை என்ன சமைப்பாள் என்பது எனக்கு அத்துப்படி.

பிறகு பத்து நாள் நீ லைனில் வரவில்லை. வந்த அன்று, "அம்மா போயிட்டாங்க, டெல்லி" என்றாய். ஆளைக் கூப்பிடப் போன கடைக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. நீ அழுதுகொண்டே இருந்தாய். எதிரே இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் சரியாக மூன்றாவது நிமிடத்தைத் தொட்டதும், ஒவ்வொரு காலிலும் குறுக்கே புகுந்து சொல்வதை என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "தீன் மினட் ஹோ கயே ஜி, அவுர் பாத் கரேங்கே?" மூன்று நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் பேசுவீர்களா என்று.

நீ லைனை வெட்டிவிட்டாய்.

மூன்று நாள் மெட்ராஸ் போர்டில் வேறு யாரோ பேசினார்கள். கடிதம் போட விலாசம் இல்லை; விசாரிக்கலாம் என்றால் பெயரே தெரியாது. பாவி, தாயைப் பறிகொடுத்தவளிடம் நேரக் கணக்குப் பேசினேனே என்று மனசு அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் சிரித்தார். "மூஞ்சியே பாக்காதவளுக்காகவா சோறு இறங்காம உக்காந்திருக்கே?"

நான்காம் நாள் வந்தாய். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், நீ விடவில்லை. "சும்மா இரு டெல்லி. நீ இந்தியில கேட்டியா, எனக்கு அழுகையோட அழுகையா சிரிப்பு வந்துடுச்சு. அம்மா போய் பத்து நாள்தான் ஆகியிருந்துது, அதுக்குள்ள சிரிச்சுட்டேனேன்னு பயந்துதான்டி கட் பண்ணேன். அந்த வெட்கத்துல மூணு நாளும் உன் லைனை விட்டுட்டு பம்பாய் போர்டுல போய் உக்காந்துட்டேன்." அன்று இருவரும் சேர்ந்தே சிரித்தோம், அழுதோம். எனக்கு அப்புறம்தான் பசித்தது.

ஆபரேட்டர் இல்லாமலே டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து போர்டுகள் காலியான பிறகு வீட்டு போனில் பேசிக்கொண்டோம். இரண்டு தடவை மெட்ராஸ் வந்தும் உன்னைப் பார்க்காமலே திரும்பினேன். வேலை, கல்யாணம் என்று சாக்குச் சொன்னேன். நேரில் பார்த்தால் நமக்குப் பேச்சு வராதோ என்று பயம், அவ்வளவுதான்.

போன மாதம் உன் பிள்ளை கூப்பிட்டு, நீ போய்விட்டாய் என்று சொன்னான். பிறகு உன் படம் ஒன்றும் அனுப்பினான். கண்ணாடி போட்டுக்கொண்டு லட்சணமாக இருந்தாய். ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தும் யாரோ ஓர் அம்மாளாகத்தான் தெரிந்தாய். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, அது எனக்கே பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டேன்: "அம்மா பேசினது ஏதாவது வெச்சிருக்கியாப்பா?"

தேடி எடுத்து அனுப்பினான். அவனைத் திட்டி நீ அனுப்பிய குரல் செய்தி. "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா. போன தடவை மாதிரி வாடினதைத் தலையில கட்டிட்டான்னு வந்து நிக்காதே."

இரண்டு வார்த்தை முடிவதற்குள் தெரிந்துவிட்டது, நீதான். சமையலறையிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். உன் முகம் உன் பிள்ளையிடமே இருக்கட்டும், மெட்ராஸ். இந்தக் கொத்தமல்லி எனக்குப் போதும்.