கயாக்கும் என் கட்டைவிரலும்

ஆகஸ்ட் 11, ஞாயிறு
கயாக் படகின் மரவேலை முடிந்துவிட்டது. மெல்லிய பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து ஒட்டிய உடம்பு. செருப்பு ஃபாக்டரிக்காரிக்குத் தையலா வராது? நானே தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை ஏறும் அளவுக்கு லேசு. இனி ஃபைபர் துணி போர்த்தி எபாக்சிப் பிசின் பூச வேண்டும். "ஏரில தண்ணி இல்ல, வீட்ல படகு இருக்குது" என்று என் வீட்டுக்காரர் ஜோசுவா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மழை வராமலா போகும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்
ஃபாக்டரியில் சூப்பர்வைசர் இஷ்தியாக் பாய் வழக்கம்போல ஒரு தோலை நீட்டி, "இன்னாம்மா பிரிசில்லா, மொத்தம் சொல்லு" என்றார். கட்டைவிரலால் தடவி, "ஒன் பாயிண்ட் டூ, பாய்" என்றேன். தடிமன் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார். அதேதான். நவம்பரிலிருந்து சாம்பிள் பிரிவு என் பொறுப்பாம். ஆம்பூர் வந்த நாளிலிருந்து இதற்குத்தானே காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
முதல் பூச்சு. எபாக்சியின் ரெசினும் ஹார்ட்னரும் கலந்து ஊற்றியதும் வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்து மரத்தின் ரேகை பளிச்சென்று எழுந்தது. அப்படி ஒரு அழகு. ஜோசுவா கிளவுஸை நீட்டினார். "அத போட்டா துணிக்கு அடியில இருக்குற காத்துக் குமிழ் கைக்குத் தெரியாதுங்க" என்றேன். வேலை முடிந்ததும், ஃபாக்டரியில் பசையைத் துடைப்பதுபோலவே, தின்னரில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22
விரலிடுக்கில் அரிப்பு. கொசுவாக இருக்கும்.

செப்டம்பர் 1, ஞாயிறு
இரண்டாவது பூச்சு. மறுபடியும் தின்னர். கழுத்திலும் தடித்திருக்கிறது. நேற்று தின்ற இறாலா?

செப்டம்பர் 8, ஞாயிறு
உப்புத்தாள் போட்டு முழுக்கத் தேய்த்தேன். வெள்ளைத் தூள் முடியெல்லாம் படிந்தது. அரிப்பு முழங்கை வரை ஏறிவிட்டது. இறாலைத் தொட்டே ஒரு வாரம் ஆகிறது.

செப்டம்பர் 9
காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஃபாக்டரியில் பக்கத்து இருக்கை ஃபிர்தௌஸ், "இன்னாக்கா, அழுதியா?" என்றாள். பசை டப்பாவைத் திறந்தேன், கண் நெருப்பாக எரிந்தது. இத்தனை வருஷம் எரியாத பசை.
பயமா இருக்கு. ஒரு படகுக்காகப் போய் – சீ, ஒண்ணும் ஆவாது.

செப்டம்பர் 14, சனி
வேலூரில் தோல் டாக்டர். "தின்னர்லயா துடைச்சீங்க? அது துடைக்கிறது இல்லம்மா, உள்ள தேய்ச்சு ஏத்துறது." உடம்பு ஒருமுறை எபாக்சியைப் பகைத்துக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் விடாதாம். புண்ணான தோலில் ஃபாக்டரிப் பசையும் சேர்ந்துகொண்டதாம். இனி கிளவுஸ் இல்லாமல் எதையும் தொடக்கூடாது.
"எத்தினி நாளைக்கு, டாக்டர்?"
"நாள் கணக்கு இல்லம்மா."

செப்டம்பர் 22, ஞாயிறு
கடைசிப் பூச்சை ஜோசுவா பூசினார். நான் தெருவில் நின்று வழி சொன்னேன். இரண்டடி கிட்டே போனதற்கே, "தள்ளி நில்லு" என்று கத்திவிட்டார். இப்போதெல்லாம் அவர் படகைப் பற்றிக் கிண்டல் செய்வதில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு
ஏரி நிரம்பிவிட்டது. நன்றாகக் காய்ந்த எபாக்சி ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏறினேன். கொஞ்சமும் சாயவில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜோசுவா கரையோடு கூடவே நடந்து வந்தார்.

நவம்பர் 4, திங்கள்
சாம்பிள் பிரிவுக்குக் கிளவுஸோடு போனேன். இஷ்தியாக் பாய் தோலை நீட்டினார். "மொத்தம் சொல்லு." தடவினேன். கைக்கு ரப்பர்தான் தெரிந்தது.
"ஒன் பாயிண்ட் டூ."
கேஜ் வைத்துப் பார்த்தவர் அதை எனக்குக் காட்டவில்லை. தோலை ஃபிர்தௌஸிடம் கொடுத்தார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல, "ஒன் பாயிண்ட் சிக்ஸ், பாய்" என்றாள். அவர் தலையாட்டினார்.
சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேக்கிங்கில் உட்காரச் சொன்னார்கள். அங்கே பசை வாடை இல்லை.